குளியலறையில் இருந்த களஞ்சியம்

என்னுடைய வேலை தற்காலிகமானது என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். நாங்கள் குடியிருந்த சிஞ்ச்வட்டில் பற்சக்கரத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்த என் கணவர், ஒரு வருடம் கழித்து நான் ஏதாவது பெரிய கம்பெனியில் சேர்ந்துவிடுவேன் என்று உறவினர்களிடம் சொல்லிவந்தார். பத்து வருடம் கழித்தும் அதையே சொன்னார். அவருடைய தம்பி ரகு விமான் நகரில், கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். அவன் பார்வையில் என் நிலைமை இன்னும் பரிதாபமானது. "அண்ணி, நீங்க பாக்கறது வாட்ச்மேன் வேலை. வாட்ச்மேனுக்காவது ஒரு விசில் குடுப்பாங்க" என்பான். நான் சிரித்துக்கொள்வேன். அவன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருந்தது.

நான் வேலை பார்த்தது கேம்ப் என்னும் பழைய இராணுவக் குடியிருப்புப் பகுதியில், பழைய கல் கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இயங்கிய ஒரு சிறிய அறக்கட்டளையில். மகாராஷ்டிரத்தின் உள்ளடங்கிய ஊர்களில் இருக்கும் சிறு மருத்துவமனைகளுக்கு நோயாளிப் பதிவேடு, மருந்துக் கிடங்கு, இரத்தச் சேமிப்பு ஆகியவற்றுக்கான மென்பொருளை நாங்கள் இலவசமாகச் செய்து கொடுத்தோம். எழுதியவர்கள் பலர், பல ஊர்களில், பெரும்பாலும் சம்பளமில்லாமல், தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதியவர்கள். அவர்கள் எழுதியதையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, மருத்துவமனைக் கணினியில் ஓடும் முழு மென்பொருளாகக் கட்டி, கட்டிய ஒவ்வொரு பதிப்பையும் அதற்குத் தேவைப்பட்ட அயலார் செய்த பாகங்களையும் எடுக்கக் கொடுக்கத் தோதாக அடுக்கி வைப்பது என் வேலை. அதுதான் களஞ்சியம். நாங்கள் பேச்சில் ரெப்போ என்போம். கட்டிய பதிப்பு ஒவ்வொன்றும் பில்ட்.

களஞ்சியம் என்ற சொல் பெரிது. பொருள் ஒரேயொரு கணினி. புதவார் பேட்டைக் கடைகளில் பாகம் பாகமாக வாங்கி நாங்களே பூட்டியது. கட்டடத்திலேயே வெயில் படாத அறை, யாரும் பயன்படுத்தாத பழைய குளியலறை. ஆகவே அதை அங்கே வைத்தோம். குளிர்சாதனத்துக்கு வழியில்லை. குழாயின் வாயை அடைத்து, ஓடு பதித்த மேடைமேல் கணினியையும் அருகில் ஒரு மேசை விசிறியையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தினோம். மராத்தியில் குளிக்கும் இடத்தை மோரி என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் சர்வர் ரூம் என்று யாரும் சொன்னதில்லை. மோரி என்றுதான் சொன்னோம். புதிதாக வந்தவர்களிடம் "பில்ட் மோரியில் இருக்கிறது" என்றால் சற்றுத் திகைப்பார்கள்.

நான் கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தஞ்சாவூரில் கணிதம் படித்தேன். திருமணத்துக்குப் பின் இங்கே மாலை வகுப்பில் கணினி படித்தேன். மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வேலை தேடினேன். மற்றதையெல்லாம் எனக்குக் கற்பித்தது அந்த இயந்திரத்தின் இடப்பற்றாக்குறை.

எங்கள் மேலதிகாரி ஷுபாங்கி மேடம் என்னைவிட மூன்று வயது இளையவர். எங்களிடம் வருவதற்கு முன் இராணுவத் தளவாடக் கிடங்கு ஒன்றில் சிவிலியன் பணியாளராகப் பொருள்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர். கணினி அவருக்குப் புதிது, கிடங்கு புதிதில்லை. வந்த முதல் வாரமே, களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித அட்டை வேண்டும் என்றார். பெயர், பதிப்பு, எங்கிருந்து வந்தது, யாருக்குப் போயிற்று. அதோடு அதன் சரிபார்ப்பு எண். ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் நாற்பது எழுத்து, எண் வரிசை அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரிசை முழுவதும் மாறிவிடும். கணினியிலேயே இருக்கும் அந்த நாற்பதையும் கையால் எழுதச் சொன்னார். ரகு இதைக் கேட்டபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தான்.

"இயந்திரத்தைப் பற்றிய விவரம் இயந்திரத்துக்குள்ளேயே இருந்தால், அது போகும்போது விவரமும் கூடவே போகும்" என்று மேடம் விளக்கினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தப் பிரச்சினையை எடுத்துச் சென்றாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "கார்டு எங்கே?" என்று மட்டும் கேட்பார். அட்டை இல்லாமல் போனவர்கள் அதை எடுத்துவர மறுபடி படியேறவேண்டும். இரண்டு முறை ஏறியவர்கள் மூன்றாம் முறை மறப்பதில்லை.

நாற்பது எழுத்துகளை வாசித்து எழுத இரண்டு பேர் வேண்டும். எங்கள் களப் பணியாளன் ஸ்டான்லி வாசிப்பான், நான் எழுதுவேன். ஸ்டான்லியின் பாட்டனார் காலத்திலேயே வேலூரிலிருந்து வந்து கேம்பில் குடியேறிய குடும்பம். தமிழ் பேசுவான்; ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் இந்தியும் மராத்தியும் ஏறிக்கொள்ளும். அந்த வரிசையில் எண்களோடு ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகளும் வரும் என்பதால், அவற்றுக்கு அவன் ஊர்ப்பெயர்களை வைத்திருந்தான்: ஆளந்தி, பாராமதி, சாகண், தௌண்ட், ஏரண்ட்வணே, ஃபல்டண். "சாத், பாராமதி, தீன், தீன், தௌண்ட்" என்று, எண்களை இந்தியில் சொல்லி, அவன் வாசிக்கும்போது, பேருந்து நிலைய அறிவிப்பைக் கேட்பது போல இருக்கும்.

அடுத்தது வெள்ளிக்கிழமை வழக்கம். கணினியின் சேமிப்பு வட்டில் இடம் எப்போதும் தீர்ந்துகொண்டே இருந்தது. புதிய வட்டு நன்கொடையாளரின் கருணையைப் பொறுத்தது. ஆகவே பழையதை அழித்தால்தான் புதியதை வைக்கலாம். கிடங்கில் ஒரு பொருளைக் கழிவென்று ஒதுக்க மூன்று பேர் கூடிக் கையெழுத்திடவேண்டும் என்பது மேடம் கொண்டுவந்த முறை. வெள்ளிக்கிழமை மதியம் மோரியின் வாசலில் மூன்று நாற்காலி போடுவோம். ஆறு மாதமாக யாரும் கேட்டு வாங்காதவற்றின் பெயரை நான் உரக்க வாசிப்பேன். வேண்டுமென்றால் "ராஹூ தே", அதாவது இருக்கட்டும். வேண்டாமென்றால் "ஜாஊ தே", போகட்டும். மூவரும் ஜாஊ தே சொன்ன பிறகே அட்டையில் மூன்று கையெழுத்து. பிறகு நான் உள்ளே சென்று அழிப்பேன். எத்தனை வேலைக்கிடையிலும் மேடம் அந்த வாசிப்பில் அரை டம்ளர் டீயோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மருத்துவமனைகளின் சார்பில் பேசவேண்டியவன் ஸ்டான்லி. அவன் ஒருவன்தான் எல்லா ஊர்களுக்கும் போய்வந்தவன்.

நான் செய்த தவறு இப்படித்தான் நடந்தது. மருந்துக் கிடங்குக்கான புதிய பதிப்பு ஒன்றைத் திங்களன்று வெளியிடவேண்டும். வெள்ளியன்று வட்டில் விரலை வைக்க இடமில்லை. ஸ்டான்லி மலைப்பக்கம் போயிருந்தான். பட்டியலில் பழைய இரத்தப் பதிவேட்டு பில்ட் ஒன்றும் அதன் மூன்று அயல் பாகங்களும் இருந்தன. ஆறு மாதம் அல்ல, ஒன்றரை வருடமாக யாரும் தொடாதவை. மேடம் ஜாஊ தே சொல்லிக் கையெழுத்திட்டு, ஸ்டான்லியிடம் போனில் கேட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நன்கொடையாளர் ஒருவரைப் பார்க்கப் புறப்பட்டார். நான் ஒருமுறை அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. இரண்டாம் முறை அழைக்கவில்லை. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். மூன்றாம் இடத்தில் அவன் பெயரை எழுதி, உள்ளே சென்று அழித்தேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிறன்று, சாத்பூடா மலையடிவாரத்தில் உள்ள ஒரு மிஷன் மருத்துவமனையில் இடி விழுந்து, இரத்தப் பதிவேடு இருந்த கணினி கருகியது. திங்கட்கிழமை காலை அங்கிருந்து சிஸ்டர் ஆக்னெஸ் அழைத்தார். தூத்துக்குடிக்காரர், இருபது வருடமாக அந்தக் காட்டில் இருந்தாலும் என்னிடம் பேசும்போது ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"கம்ப்யூட்டர் போச்சுன்னா போகட்டும்மா, பழசு இன்னொண்ணு இருக்கு. ரெஜிஸ்டர் பூரா பென் டிரைவ்ல பத்திரமா வச்சிருக்கேன். அதத் தொறக்கதுக்கு அந்தப் பழைய சாஃப்ட்வேர மட்டும் அனுப்பிருங்க. சனிக்கிழமை பிள்ளைங்க வருவாங்கல்லா."

பிள்ளைகள் என்று அவர் சொன்னது தலசீமியா நோயுள்ள ஒன்பது குழந்தைகளை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றினால்தான் அவர்களால் நடமாட முடியும். அடிக்கடி பிறர் இரத்தம் ஏறும் உடல், வகை பொருந்தினாலும் சிலருடைய இரத்தத்தை ஏற்க மறுக்கத் தொடங்கும். அந்த மறுப்பு சில மாதங்களில் சோதனைக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது என்பதைப் பழைய பதிவு ஒன்றுதான் சொல்லும். அந்தப் பதிவுதான் பென் டிரைவில் பூட்டிக் கிடந்தது. எங்களுடைய புதிய பதிப்புகள் அந்தப் பழைய கோப்பைப் படிக்கமாட்டா. அந்த மருத்துவமனையின் பழைய கணினிகளில் ஓடவும் மாட்டா. படிக்கக்கூடிய ஒரே பில்ட், நான் அழித்தது. ஒன்றரை வருடமாக யாரும் அதைக் கேட்காததற்குக் காரணம், அது அங்கே ஒரு நாளும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

அட்டையை எடுத்துக்கொண்டு மேடத்தின் முன் நின்றேன். வேறொரு பயணத்திலிருந்து முந்தின நாள் திரும்பியிருந்த ஸ்டான்லியும் வந்தான். அட்டையில் தன் பெயரைப் பார்த்தான்; என் கையெழுத்து அவனுக்குத் தெரியாததல்ல. ஒரு கணம்கூடத் தயங்காமல், "மேடம், அக்கா எனக்கு போன் கியா தா. நான்தான் ஜாஊ தே சொன்னேன்" என்றான்.

"இல்லை" என்றேன். "ஒருமுறை அழைத்தேன், கிடைக்கவில்லை. அவனைக் கேட்காமல் நானே எழுதினேன்."

மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "தெரியும். அன்றைக்கு ஸ்டான்லி இருந்த இடத்தில் போன் வேலை செய்யாது. ஆனால் கையெழுத்தை நானும் திரும்பிப் பார்க்கவில்லை" என்று மராத்தியில் சொன்னார். பிறகு அட்டையைத் திருப்பி, பென்சிலால் என் முழுப்பெயரை எழுதி, "கேட்காமல் அகற்றியவர்" என்று அடியில் குறித்து, என்னிடம் கையெழுத்து வாங்கினார். அவ்வளவுதான் தண்டனை. "இப்போது மற்ற மூன்று கார்டையும் கொண்டுவாருங்கள்" என்றார்.

நாங்கள் எழுதிய பகுதி பத்திரமாக இருந்தது. அதைப் பில்ட்டாகக் கட்டத் தேவையான அயல் பாகங்கள் மூன்றுதான் வேண்டும். இரண்டு, அவற்றைச் செய்தவர்களின் பொதுத் தளங்களில் இன்னும் கிடைத்தன. அட்டையோடு ஒப்பிட்டோம், நாற்பதும் பொருந்தின. மூன்றாவது, கோப்பைப் படித்து விரிக்கும் பாகம். எங்கோ ஒரு தனி மனிதர் செய்து பொதுவில் வைத்தது. அவருடைய தளம் மூடப்பட்டுவிட்டது. செவ்வாய் முழுவதும் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டோம். எனக்கு வேறு வழி தோன்றாமல் அன்று மாலை ரகுவிடம் சொன்னேன். அவன் கேலி செய்யவில்லை. தன் அலுவலகத்துப் பழைய சேமிப்பில் தேடி, புதனன்று மதியம் ஆட்டோ பிடித்துத் தானே கேம்புக்கு வந்து ஒரு பிரதியைக் கொடுத்தான்.

அதே பெயர், அதே பதிப்பு. சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்தோம். முதல் எழுத்திலேயே வேறு.

"பேர் சரியா இருக்கே அண்ணி, எங்க ஆளுங்க யாராச்சும் கொஞ்சம் மாத்தி வச்சிருப்பாங்க. ஓடும்" என்றான் ரகு. ஸ்டான்லியும் அதையே விரும்பினான். அன்று காலைதான் சிஸ்டர் மறுபடி அழைத்திருந்தார். சுவர்ணா என்ற ஒன்பது வயதுப் பெண் முறைக்கு முன்பே வெளுத்து, மூச்சு வாங்கியபடி வந்துவிட்டாள். அவளைச் சனிவரை வைத்திருக்க முடியாது. சோதனையில் பொருந்திய இரத்தத்தை ஏற்றத் தொடங்கிவிட்டோம், ஜெபம் பண்ணுங்க என்றார்.

நானும் ரகு கொடுத்ததை வைத்துக் கட்டிவிடலாம் என்ற பக்கமே சாய்ந்தேன். மேடம் மறுத்தார். "இந்தப் பாகம்தான் பதிவேட்டைப் படிக்கப்போகிறது. யாரோ மாற்றியது. எதை மாற்றினார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒரு குழந்தையின் வரியை இன்னொரு குழந்தையின் பெயரோடு காட்டினால்? திறக்காத பதிவேட்டை யாரும் நம்பமாட்டார்கள். தப்பாகத் திறந்ததை எல்லோரும் நம்புவார்கள்."

ரகு தான் கொண்டுவந்த பிரதியைத் திரும்ப எடுத்துக்கொண்டான். போகும்போது, சிஞ்ச்வட்டில் தான் படித்த பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் பழைய கணினிகளை யாரும் துடைப்பதில்லை, அங்கே பாருங்கள் என்றான்.

வியாழனன்று நானும் ஸ்டான்லியும் அந்தக் கல்லூரிக்குப் போனோம். ஆய்வகப் பொறுப்பாளராக இருந்த மராத்தியப் பெண்மணி எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்த பதினொரு கணினிகளைக் காட்டினார். ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்து எழுப்பித் தேடினோம். நான்கு எழவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதாவதில், எந்த மாணவனோ தன் செய்முறைப் பயிற்சிக்காக இறக்கி வைத்து மறந்துபோன ஒரு கோப்புறைக்குள் அது இருந்தது.

ஸ்டான்லி திரையைப் பார்த்து வாசித்தான். நான் அட்டையில் விரல் வைத்துக்கொண்டேன். "நௌ. ஆளந்தி. தோ. தோ. பாராமதி." என் விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. முப்பதைத் தாண்டியபோது அவன் குரல் தாழ்ந்துவிட்டது. கடைசி எழுத்தை அவன் ஊர்ப்பெயராகச் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்: "ஃபல்டண்." அந்த ஆய்வகப் பெண்மணிக்கு நாங்கள் இருவரும் ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம் என்று புரிந்திராது.

மோரியில் விசிறியை முழு வேகத்தில் வைத்து, பிற்பகல் முழுவதும் அந்த பில்ட்டைக் கட்டினோம். இப்போது அதே வேலை சில நிமிடத்தில் முடிகிறது. அன்று மூன்றரை மணி நேரம் ஆனது. ஸ்டான்லி இரண்டு பிரதிகளைச் சட்டைப்பையில் ஒன்றும் பையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு பேருந்து ஏறினான். "அக்கா, டென்ஷன் நகோ. எல்லாம் சலேகா" என்று எனக்குத் தைரியம் சொன்னான். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைத்தான். பதிவேடு திறந்துவிட்டது. எட்டுக் குழந்தைகளுக்கு அவரவர் வரியைப் பார்த்து இரத்தம் எடுத்துவைத்திருக்கிறார்கள். பிறகு, "அக்கா, சுவர்ணா" என்றான்.

அவளுடைய வரியில் சிவப்பு அடையாளம் இருந்தது. புதனன்று அவளுக்கு ஏற்றியது, அவளுக்கு ஒவ்வாத வகை.

அதற்குப் பிறகு செய்யக்கூடியது அவளை விட்டு நகராமல் இருப்பது மட்டுமே. சிஸ்டர் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. திங்களன்று காய்ச்சலும் கண்ணில் மஞ்சளும் வந்தன. பதிவேடு திறந்திராவிட்டால் அதை அந்தப் பகுதியில் எல்லோருக்கும் வரும் மலேரியா என்று எடுத்துக்கொண்டு, வெளுத்திருக்கிறாள் என்று அதே வகை இரத்தத்தை மறுபடியும் ஏற்றியிருப்போம் என்று சிஸ்டர் பின்னால் சொன்னார். என்ன நடக்கிறது என்று தெரிந்ததால் அதற்கான மருத்துவம் நடந்தது. பதினோரு நாள் அவள் அந்தக் கட்டிலில் கிடந்தாள். அந்தப் பதினோரு நாளும் சிஞ்ச்வட்டிலிருந்து லோக்கல் ரயிலில் வரும்போது எந்த நிலையம் கடந்தது என்று எனக்குத் தெரியாது. என் கணவர் முதன்முறையாக, என் வேலை என்ன என்று உட்கார்ந்து கேட்டார். நான் சொல்லி முடித்ததும், தினமும் காலையில் "அந்தப் பொண்ணு எப்படியிருக்கா?" என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

பன்னிரண்டாம் நாள் சிஸ்டர் சொன்னது ஒரே வாக்கியம்: "இட்லி வேணும்னு கேக்கா, இந்தக் காட்டுல நான் எங்க போவேன்." சிஸ்டர் எப்போதோ அவித்துக் கொடுத்துப் பழக்கியிருந்தார்.

அதன்பின் மேடம் வெள்ளிக்கிழமை வழக்கத்தை மாற்றினார். யாரும் கேட்காத பில்ட் என்றால், அழிக்கலாமா என்று எங்களுக்குள் பேசுவதற்கு முன், அதை வைத்திருக்கும் இடத்தை அழைத்துக் கேட்கவேண்டும். அந்த அழைப்பு என் பொறுப்பு. ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வெள்ளியும் காலையில் முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை அழைத்தேன். என்ன ஓடுகிறது, நன்றாக ஓடுகிறதா, கணினிக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். அந்த அழைப்புகளில்தான் மழை, பிரசவம், மாற்றலாகிப்போன டாக்டர்கள், சுவர்ணாவின் பத்தாம் வகுப்புத் தேர்வு எல்லாம் என்னிடம் வந்துசேர்ந்தன. அழிக்கும் வேலை எனக்கு அதற்குப் பின் எளிதாகவே இல்லை. கை எப்போதும் ஒரு கணம் நின்றுதான் அழித்தது.

சென்ற மாதம் அறக்கட்டளையின் இளைஞர்கள் களஞ்சியம் முழுவதையும் இணையத்தில் உள்ள வாடகைச் சேமிப்புக்கு மாற்றினார்கள். அங்கே இடம் தீர்வதே இல்லையாம், எதையும் அழிக்கவேண்டியதில்லையாம். நல்ல ஏற்பாடு. அட்டைப் பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்க என்னை அழைத்தார்கள். ஒரு பெண் அந்த அட்டையின் பின்பக்கத்தைக் காட்டி, இது உங்கள் பெயர்தானே மேடம், என்ன நடந்தது என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஷுபாங்கி மேடம் இப்போது இல்லை. சிஸ்டர் ஆக்னெஸ் கடைசிக் காலத்தில் தூத்துக்குடிக்குத் திரும்பி அங்கேயே கண்மூடினார். ஸ்டான்லி கேம்பில் இருக்கிறான். நான் சிஞ்ச்வட்டில் இருக்கிறேன். சுவர்ணாவுக்கு இருபத்துநான்கு வயதாகிறது. அந்த மருத்துவமனையிலேயே பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறாள். வருகிற சனிக்கிழமை அவளுக்கு இரத்தம் ஏற்றும் முறை.